பச்சை நடந்து போன பாதை

பச்சை பிறக்கும் இடம் ஆமணக்கெண்ணெய் விளக்கு. மஞ்சளையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அரைத்து, அந்த விழுதை மெல்லிய வெள்ளைத் துணியில் தடவி, துணியைத் திரியாக உருட்டி எரிய விடுவார்கள். மேலே புதுச் சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் அதன் உட்புறம் முழுக்கக் கரி படியும். திரி எரிந்து முடிந்ததும் கரியைச் சுரண்டி எடுத்துத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள். மூன்று நான்கு தையல் ஊசிகளை நூலால் ஒன்றாகக் கட்டிவிட்டால் கருவியும் தயார். சட்டியில் இருந்தவரை அது கறுப்பு. தோலுக்கு அடியில் இறங்கிப் புண் ஆறிய பிறகு பச்சை பாய்ந்து நிற்கும்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் இந்தச் செய்முறையைப் பதிந்து வைத்தார். ஊர் ஊராகப் போய் இந்தத் தொழிலைச் செய்த குறவர்களுக்குப் ‘பச்சைகுத்தி’ என்றே ஒரு பெயர் இருந்ததையும் அவர் குறித்திருக்கிறார். நகரத்தில் காசு வாங்கினார்கள். நாட்டுப்புறம் போனால் அரிசியும் தானியமும் கூலி. தொழிலில் கைதேர்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு வரும் குறத்தி திண்ணையில் உட்கார்ந்தால், தெருவின் பெண்பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

கோபிநத்தம் அப்படிப்பட்ட கூடை நடந்த காட்டுச்சீமையில் இருக்கிறது. காவிரி கர்நாடகத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் இறங்கும் இடத்தில், ஒரு பக்கம் ஒகேனக்கல், மறுபக்கம் மாதேஸ்வரன் மலை. ஊர் கர்நாடகத்தில், பேச்சு தமிழில். கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில் கிடந்தது. மாநில எல்லைகளைத் திருத்தியபோது மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997-ல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்தபோது சாமராஜநகரோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இத்தனை முறை இடம் மாறியும், பச்சைக்கு அது ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. இந்தப் பக்கத்தில் பச்சை என்றால் அந்தப் பக்கத்தில் ஹச்சே. ஊசி ஒன்றுதான், கோலமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தக் காவிரிக்கரைச் சீமையில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டியின் முன்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மணிக்கட்டுக்கு மேலே புள்ளிகள் வரிசையாக வளையல் மாதிரி சுற்றி வரும். அதற்கு மேலே புள்ளி வைத்து இழுத்த சிக்குக்கோலம், வாசலில் போடும் அதே கோலம், உள்ளங்கை அகலத்துக்கு. கோலத்தின் நாலு மூலையிலும் சின்னப் பூ. முழங்கைக்குக் கீழே ஒரு தேள், வாலைத் தூக்கியபடி. புருவத்துக்கு நடுவில் ஒரு பொட்டு, முகவாயில் ஒரு புள்ளி. வயது ஏற ஏறத் தோல் சுருங்கி, கோடுகளின் ஓரம் கசிந்து, சுழிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டுப் பார்த்தால் தோலில் எந்த மேடும் தெரியாது. ஏன் குத்திக்கொண்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “கட்டையில போறப்ப கழுத்துல காதுல கெடக்கறத எல்லாம் உருவிக்குவாங்க சாமி. இத யாரு உருவ முடியும்? கூட வர்றது இது ஒண்ணுதான்.”

அந்தப் பதிலுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. நிலம் ஆண் பேரில், வீடு ஆண் பேரில், நகை அடகுக்கடையில். பெண்ணின் சொத்து என்று யாரும் கை வைக்க முடியாமல் மிஞ்சியது இந்தக் கரி மட்டும். வலியைக் கொடுத்து வாங்கியது அது. குறத்தி பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவாள், வலி மறக்கட்டும் என்று. குத்தி முடித்து மஞ்சள் பூசி அனுப்புவாள். அந்தக் கோலங்களைப் படித்த ஆய்வாளர்களும் உண்டு. பிரிட்டனின் ஜான் லேயார்டு 1937-ல் எழுதிய கட்டுரையில், தென்னிந்தியப் பெண்கள் வாசலில் போடும் கோலத்தையும் கையில் குத்தும் கோலத்தையும் ஒன்றாக வைத்துப் பேசினார். வாசலைக் காக்கும் சுழி உடம்பையும் காக்கும் என்ற நம்பிக்கையை அவர் பிடித்துக்கொண்டார்.

இதுவரை சொன்னது பச்சை பிறந்து வளர்ந்த வீட்டுக் கதை. அது வீட்டை விட்டுச் சிறைக்குப் போன கதையும் உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது.

1797-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் ஒரு சட்டம் போட்டது. ஆயுள் தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் தண்டனை விவரத்தையும் ஊசியால் குத்த வேண்டும். வடக்கே பெண்கள் ஆசையோடு குத்திக்கொண்ட ‘கோத்னா’ என்ற பச்சையின் பெயரே இந்தத் தண்டனைக்கும் பெயரானது. சென்னை மாகாணமும் அதே வழியில் போனது. நெற்றியில் எழுதப்பட்ட இந்த மனிதர்களைக் கப்பல் ஏற்றிப் பினாங்குக்கும் மொரீஷியசுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள். சிங்கப்பூரின் சாலைகளிலும் பழைய கட்டடங்களிலும் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. 1862-ல் புனிதப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கட்டியது. கைதிகள் முண்டாசை நெற்றியின் மேல் இறக்கிக் கட்டி எழுத்தை மறைத்தார்கள். 1849-ல்தான் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல், பாட்டி கையில் கோலம் போட்ட அதே கரி, இன்னொருவன் நெற்றியில் குற்றப்பத்திரிகை எழுதியது.

குத்திய கைகளையும் அரசாங்கம் விடவில்லை. உப்பையும் தானியத்தையும் கழுதை மேல் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் வணிகம் செய்த குறவர்களின் பிழைப்பை ரயில் வந்து தின்றது. பிழைப்பு போனவர்கள் மேல் 1871-ன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. ஒரு சாதியில் பிறந்ததே குற்றம் என்றானது. காவல் நிலையத்தில் பேர் பதிய வேண்டும், ஊர் விட்டு ஊர் போக அனுமதி வேண்டும். நடந்து நடந்தே தொழில் செய்தவர்களுக்கு நடை தடைபட்டால் என்ன ஆகும்? கூடையோடு வந்த குறத்தியைப் பார்த்ததும் கதவைச் சாத்தும் பழக்கம் ஊர்களில் புகுந்தது. நாடு முழுவதும் அந்தச் சட்டம் செல்லாது என்றானது 1952-ல். சட்டம் போனது, சாத்திய கதவு அவ்வளவு சீக்கிரம் திறக்கவில்லை.

இதே இரண்டு கதையும் நடந்த இன்னொரு நாடு ஜப்பான்.

மூன்றாம் நூற்றாண்டில் சீனர்கள் எழுதிய வரலாற்றுக் குறிப்பிலேயே, அந்தத் தீவுகளின் ஆண்கள் முகத்திலும் உடம்பிலும் பச்சை குத்தியிருப்பதாக ஒரு வரி வருகிறது. அங்கும் பச்சைக்கு ஒரு வீட்டு வாழ்வு இருந்தது. அங்கும் அதை அரசாங்கம் சிறைக்குக் கொண்டுபோனது. 1720-ல், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகன் யோஷிமுனேயின் காலத்தில், திருடர்களின் மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்குப் பதிலாகப் பச்சை குத்தும் தண்டனை வந்தது. எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், இடது முன்கையைச் சுற்றி இரண்டு பட்டைகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு குறி. ஹிரோஷிமாப் பக்கத்தில் முதல் குற்றத்துக்கு நெற்றியில் ஒரு கோடு, அடுத்ததற்கு மேலும் ஒரு கோடு, அதற்கும் அடுத்த முறை கோடுகள் சேர்ந்து ‘நாய்’ என்ற எழுத்தாக முடியும். 1870 வரை இந்தத் தண்டனை இருந்தது. நம் நாட்டுக் கைதி முண்டாசால் மறைத்த இடத்தில், ஜப்பானியக் கைதி அந்தப் பட்டையின் மேல் பூவையும் கொடியையும் குத்தி மறைத்தான்.

அந்தப் பூவும் கொடியும் பெரிய கலையாக வளர்ந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. ‘சுய்கோடென்’ என்ற சீனக் கதையின் 108 வீரர்களை 1827 முதல் ஓவியர் குனியோஷி மரஅச்சுப் படங்களாக வெளியிட்டார். படத்தில் வீரர்களின் முதுகு முழுக்க டிராகன், புலி, அலை, செம்பூ. எடோவின் தீயணைப்பு ஆட்களும் பல்லக்குத் தூக்கிகளும் கட்டடத் தொழிலாளிகளும் தங்கள் முதுகிலும் அதையே கேட்டு வாங்கினார்கள். மரத்தாலும் காகிதத்தாலும் ஆன நகரத்தில் தீயை எதிர்த்து ஓடுகிறவன், தண்ணீருக்கு அதிபதியான டிராகனை முதுகில் சுமந்தான். முதுகு நிறைய வேண்டுமானால் மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் உட்கார வேண்டும். பணக்காரர்கள் பட்டு உடுத்திய ஊரில் கூலிக்காரர்கள் தோலை உடுத்தினார்கள்.

1872-ல், ஷோகன்களுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு பச்சை குத்துவதையே குற்றமாக்கியது. மேல்நாட்டார் தங்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். வரலாற்றில் அந்தப் பயம் எவ்வளவு வீண் என்பதற்குச் சாட்சி ஒன்பது வருடத்தில் கப்பலேறி வந்தது. 1881-ல் ‘பக்காந்தே’ என்ற போர்க்கப்பலில் ஜப்பான் வந்த பிரிட்டிஷ் இளவரசர் ஜார்ஜ், கையில் ஒரு டிராகனைக் குத்திக்கொண்டு போனார். குடிமக்களுக்குத் தடை, வெளிநாட்டாருக்குக் குத்தினால் அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. அந்த இளவரசர்தான் 1910-ல் அரியணை ஏறிய ஐந்தாம் ஜார்ஜ். 1911 டிசம்பரில் டெல்லியில் தர்பார் நடத்தி இந்தியப் பேரரசராக முடிசூடிக் காட்டியவர். கொள்ளேகால் அப்போது சென்னை மாகாணம் என்பதால் கோபிநத்தத்துக்கும் அவரே சக்கரவர்த்தி. அந்த 1911-ல்தான் அவர் பேரால் நடந்த அரசாங்கம், பச்சைகுத்தும் சாதி மேல் பாய்ந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தது. சட்டைக் கைக்குள் டிராகன் இருந்த அரசருக்கு அது அழகு. கூடை தூக்கி நடந்த குறத்திக்கு அது சந்தேகம்.

மெய்ஜி அரசின் தடையால் அதிகம் இழந்தவர்கள் ஜப்பானின் ஓரங்களில் வாழ்ந்த பெண்கள். வடக்கே ஹொக்கைடோவில் பூர்வகுடிகளான அய்னு பெண்கள் உதட்டைச் சுற்றியும் கைகளிலும் பச்சை குத்திக்கொண்டார்கள். பூர்ச்ச மரப்பட்டையை எரித்து, சட்டியில் படிந்த கரியை எடுத்து, சிறு கத்தியால் கீறிய இடத்தில் தேய்ப்பார்கள். குத்துகிறவள் பாட்டியாகவோ தாய்வழிப் பெரியவளாகவோ இருப்பாள். குறி இல்லாமல் செத்தால் மூதாதையரோடு சேர முடியாது என்பது நம்பிக்கை. 1871-லேயே அய்னு பெண்களுக்கு அது தடை செய்யப்பட்டது. தெற்கே ஒகினாவாவில் பெண்கள் விரல்களிலும் புறங்கையிலும் குத்திக்கொண்ட ‘ஹாஜிச்சி’ 1899-ல் தடைக்கு உள்ளானது. அங்கும் குறி இல்லாத கைக்கு மறு உலகில் நல்ல கதி கிடையாது என்றார்கள்.

காவிரிக்கரைப் பாட்டிக்கு அய்னு என்றால் என்னவென்று தெரியாது. அய்னு பாட்டிக்குக் காவிரி தெரியாது. இருவரும் சட்டியில் கரி பிடித்தார்கள், இருவரும் பெண்ணிடமிருந்து பெண்ணுக்குக் கைமாற்றினார்கள், இருவரும் செத்த பிறகும் கூட வரும் என்று நம்பினார்கள். பச்சையின் வரலாற்றில் என்னை அசைத்த இடம் இதுதான். உலகில் எங்கெங்கோ இருந்த ஏழைப் பெண்கள், பறிக்க முடியாத ஒன்றை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசித்து ஒரே இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஜப்பானில் தடை 1948 வரை இருந்தது. போருக்குப் பின் நேச நாடுகளின் படை அங்கே இருந்த காலத்தில் நீங்கியது. அதற்குள் முதுகுநிறைப் பச்சைக்கு வேறு வாரிசுகள் வந்திருந்தார்கள். யாகுசா என்ற தாதாக் கும்பல்கள். வலிக்கும், பணம் ஆகும், காலம் ஆகும், திரும்ப அழிக்க முடியாது. கும்பலுக்கு அப்படி ஓர் உறுதிமொழிதான் தேவைப்பட்டது. அழியாத விசுவாசத்தைத் தோலில் வாங்கும் வழக்கம் நமக்கும் புதிதில்லை. 1970-களில் எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்களைக் கொடியைக் கையில் பச்சை குத்தச் சொன்னபோது ஆயிரக்கணக்கானவர்கள் கையை நீட்டினார்கள். கூட்டம் எதுவானாலும் கரி செய்யும் வேலை அதுதான்: திரும்பிப் போகும் வழியை அடைப்பது.

1960-களிலும் 70-களிலும் தோயெய் நிறுவனம் எடுத்த யாகுசா படங்கள் அந்த முதுகுகளை நாடு முழுவதும் திரையில் காட்டின. சட்டையைக் கழற்றினால் பச்சை, பச்சை தெரிந்தால் கத்தி என்று ஒரு தலைமுறை பார்த்துப் பழகியது. பிறகு கும்பல்களை ஒடுக்கும் சட்டம் 1992-ல் நடைமுறைக்கு வந்தது. குளியல் விடுதிகள், நீச்சல் குளங்கள், உடற்பயிற்சிக் கூடங்கள் வாசலில் பச்சை குத்தியவர்களுக்கு அனுமதியில்லை என்ற பலகைகள் பரவின. யாகுசா வேண்டாம் என்று எழுதினால் சண்டை வரும். பச்சை வேண்டாம் என்று எழுதினால் யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் புரியும்.

ஏன் குளியல் வாசலில் இத்தனை கெடுபிடி? ஜப்பானியப் பொதுக்குளியலைப் பார்த்தால் புரியும். ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியலில் துணி கிடையாது. நீச்சலுடையும் கூடாது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு அழுக்கு போகக் குளிக்க வேண்டும். நுரை ஒரு துளி இல்லாமல் அலசிய பிறகே பொதுத் தொட்டியில் இறங்க வேண்டும். சிறு துண்டைத் தண்ணீரில் முக்கக்கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். முதலாளி, தொழிலாளி, தாத்தா, பேரன் எல்லாரும் ஒரே தண்ணீரில். உடைகள் சொல்லும் உயர்வு தாழ்வு எதுவும் அங்கே இல்லை. அந்த இடத்தில் தோலில் எழுதியது மட்டும் பேசும். அது பேசும் பேச்சைக் கேட்டுப் பயந்த தலைமுறை இன்னும் அந்தத் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறது. விடுதிக்காரர் அஞ்சுவது வெளிநாட்டுப் பயணியை அல்ல. தினமும் வரும் அந்தப் பெரியவர் நாளை வராமல் போய்விடுவாரோ என்று.

ஜப்பான் சுற்றுலாத் துறை 2015-ல் குளியல் வசதியுள்ள விடுதிகளிடம் கேட்டது. பதில் சொன்ன ஏறக்குறைய 600 விடுதிகளில் 56 விழுக்காடு பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை என்றன. 31 விழுக்காடு தடையில்லை என்றன. 13 விழுக்காடு மறைத்தால் வரலாம் என்றன. அடுத்த வருடமே, ஒட்டுத்துணியால் மறைக்கச் சொல்லலாம், தனி நேரம் ஒதுக்கலாம், தனிக்குளியலுக்கு வழிகாட்டலாம் என்று விடுதிகளுக்கு அந்தத் துறை யோசனை சொன்னது. இதற்கு ஒரு தூண்டுதல் இருந்தது. 2013-ல் நியூசிலாந்திலிருந்து மாவோரிப் பெண்மணி ஒருவர் ஹொக்கைடோவுக்கு வந்தார். அய்னு மக்களோடு பூர்வகுடி மொழிகளைப் பற்றிப் பேச வந்தவர். முகவாயில் அவர் குலத்தின் குறி. குளியல் விடுதியில் அவரை உள்ளே விட மறுத்தார்கள். அய்னு பெண்களின் குறியைத் தடை செய்த மண்ணிலேயே, அவர்களைப் பார்க்க வந்த பெண்ணின் குறியும் வாசலில் நின்றது. ஜப்பான் பத்திரிகைகளே அதைப் பெரிய விவாதமாக்கின.

சட்டமும் மெல்ல நகர்ந்தது. குத்துகிற தொழிலே மருத்துவ வேலை, அதற்கு டாக்டர் உரிமம் வேண்டும் என்று சொல்லி ஒசாகாவைச் சேர்ந்த ஒரு பச்சைக் கலைஞர் மேல் வழக்குப் போட்டார்கள். 2017-ல் மாவட்ட நீதிமன்றம் அபராதம் விதித்தது. 2018-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2019 ரக்பி உலகக்கோப்பைக்கு வந்த வீரர்களுக்கு, பொதுக் குளங்களிலும் கூடங்களிலும் பச்சையை மறைத்துக்கொள்ளுங்கள் என்று விளையாட்டு அமைப்பே சொல்லி அனுப்பியது. சமோவா, டோங்கா வீரர்களுக்குப் பச்சை என்பது முன்னோர் கொடுத்த மரியாதை. சமோவா வீரர்கள் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டார்கள். வந்த வீட்டின் மனசைப் புண்படுத்தாமல், தன் வீட்டு அடையாளத்தையும் விட்டுக்கொடுக்காமல் நடக்க முடியும் என்று அது காட்டியது.

இப்போது தமிழ்ப் பயணிகளும் போகிறார்கள். வேலைக்குப் போன மகனைப் பார்க்க அம்மா போகிறார், பேரனைப் பார்க்கப் பாட்டியும் போகிறார். டோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் நிறைய. மகன் கையில் மின்ஊசி குத்திய சிங்கம், பாட்டி கையில் குறத்தி குத்திய கோலம். இருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான்.

பச்சை குத்தியவர் ஜப்பானுக்குள் நுழையத் தடை எதுவும் கிடையாது. ரயிலில், தெருவில், கடையில் யாரும் தடுக்கமாட்டார்கள். சிலர் ஒரு கணம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சிக்கல் உடையைக் கழற்றும் இடங்களில்: ஒன்சென், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், சில கடற்கரைகள். அறை பதியும்போதே விடுதியிடம் கேட்டுவிடுவது நல்லது. ‘இரெசுமி’ என்று சொன்னால் புரியும், இளைஞர்கள் ‘டாட்டூ’ என்றும் சொல்வார்கள். உள்ளங்கை அளவுக்குள் அடங்கும் பச்சையானால் தோல் நிறத்து ஒட்டுத்துணி போதும், மருந்துக்கடைகளிலும் சில விடுதிகளிலும் கிடைக்கும். பாட்டியின் கோலம் மட்டும் என்றால் அதற்குள் அடங்கிவிடும். பெரிய பச்சை என்றால் ‘காஷிகிரி’ என்ற தனிக்குளியல் இருக்கிறது, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் குடும்பமாகக் குளிக்கலாம். அறையிலேயே குளியல் தொட்டி உள்ள விடுதிகளும் உண்டு. ஹியோகோ மாநிலத்துக் கினோசாகியில் ஊருக்குப் பொதுவான ஏழு குளியல் கூடங்களிலும் பச்சைக்குத் தடையில்லை. மட்சுயாமாவின் தோகோ ஒன்சென் பழைய கூடத்திலும் அப்படியே. பெப்பு நகரில் தடையில்லாத கூடங்களின் பட்டியலே வைத்திருக்கிறார்கள்.

மறுத்தால் என்ன செய்வது? அங்கே மறுப்பு பெரும்பாலும் கையைக் குறுக்காக வைத்து, தலை குனிந்து, மன்னிப்புக் கேட்டபடி வரும். அந்தக் குனிவில் உண்மை இருக்கிறது. வாக்குவாதம் செய்து அந்த ஊழியரை வெல்வதில் ஒரு பயனும் கிடையாது, விதியை எழுதியவர் அவரில்லை. வேறு கூடம் எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் வரைபடம் எடுத்து வழி காட்டுவார்கள்.

ஆனால் அந்தப் பலகை நியாயமா என்ற கேள்வியை நான் விடப்போவதில்லை. ஒரு சிலர் செய்த குற்றத்தை ஓர் அடையாளத்தின் மேல் எழுதி, அந்த அடையாளம் உள்ள எல்லாரையும் வாசலிலேயே நிறுத்துவது அநியாயம். இதை ஜப்பானைப் பார்த்துச் சொல்வதற்கு முன் கோபிநத்தத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கோபிநத்தம் என்றதும் வெளியூர்க்காரர் வாயில் வரும் முதல் பெயர் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன். அவன் பிறந்த ஊர் அது. அதே ஊரில் இன்னொரு பெயருக்கும் மரியாதை உண்டு. வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ், ஊரில் மாரியம்மன் கோயில் எழும்ப உதவினார், தண்ணீருக்கும் வீட்டுக்கும் மருந்துக்கும் அலைந்தார், மக்களோடு மக்களாக இருந்து, வீரப்பனோடு காட்டுக்குள் போனவர்களைத் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தார். 1991 நவம்பர் 10-ல் வீரப்பன் அவரைக் கொன்றான். அரசு அவருக்குக் கீர்த்தி சக்கரம் கொடுத்தது, ஊர் தன் கோயிலில் அவர் படத்தை வைத்தது. ஆனால் அதற்குப் பின் வந்த வருடங்களில், வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் பார்வையில் அந்தக் காட்டோர ஊர்களின் ஒவ்வொருவரும் சந்தேகத்துக்கு உரியவரானார். தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்ட வழக்கில் மைசூர்ச் சிறையில் வருடக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு. சித்திரவதைப் புகார்களை விசாரிக்க 1999-ல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2004 அக்டோபர் 18-ல் வீரப்பன் கொல்லப்பட்ட பிறகும், ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவரின் முகம் மாறுவது நின்றுவிடவில்லை. ஊசி படாமலேயே ஓர் ஊரின் நெற்றியில் எழுதப்பட்ட எழுத்து அது.

அதனால் பலகை வைத்த ஜப்பானியரைக் குறை சொல்லும் வாய், குறத்தியைப் பார்த்துக் கதவு சாத்திய கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றும் நம் வீடுகளில் பச்சை குத்திய பெண்பிள்ளைக்கு வரன் அமையாது என்று சொல்பவர்கள் உண்டு. படித்த மகளே, அம்மாவின் கைப்பச்சையை விருந்தாளிகளுக்கு முன் சேலைத் தலைப்பால் மறைக்கச் சொல்லும் வீடுகள் உண்டு. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்திலும் பச்சை பார்க்கிறார்கள். முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் இருந்தால் சரி, மற்ற இடத்தில் இருந்தால் பழங்குடி வழக்கமாக இருந்தாலொழிய அனுமதியில்லை. விண்ணப்பிக்க ஆசைப்படும் பையன் குத்துவதற்கு முன்பே இதை அறிந்திருக்க வேண்டும்.

நடைபாதையில் இன்று பச்சை வேறு வேகத்தில் ஓடுகிறது. 1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி காப்புரிமை வாங்கிய மின்ஊசி, எடிசனின் மின்பேனாவிலிருந்து பிறந்தது. இப்போது திருவிழாக் கடைத்தெருவில் பேட்டரியோடு உட்கார்ந்திருக்கிறவர் கையிலும் அது இருக்கிறது. ஒருவருக்குக் குத்திய ஊசியை அடுத்தவருக்கும் போட்டால் மஞ்சள்காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் கூடவே இறங்கும். புது ஊசியைக் கண் முன்னே உறை பிரிக்காத இடத்தில் கையை நீட்டக்கூடாது. பயணம் போகும் ஆசையில் குத்துகிறவர்கள், குத்தி ஆறாத புண்ணோடு பொதுக்குளியலில் இறங்கவும் கூடாது.

வேகம் கூடக் கூட பழைய கோலங்கள் குறைகின்றன. அவற்றைப் போடத் தெரிந்த குறத்திகள் மறைந்துகொண்டிருக்கிறார்கள், சுமக்கும் பாட்டிகளும் அப்படியே. காகிதத்தில் யாரும் எழுதி வைக்காத ஏடு ஒவ்வொரு பாட்டியோடும் எரிகிறது. ஒகினாவாவில் இன்றைய பெண்கள் ஹாஜிச்சியைப் பழைய படங்களிலிருந்து தேடி எடுத்துத் திரும்பக் கற்கிறார்கள், தடை போட்டு நூறாண்டுக்கு மேல் கழித்து. நமக்கு அந்தச் சிரமம் இன்னும் வரவில்லை. பாட்டிகள் இருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். பாட்டியின் கைக்கோலத்தைப் புள்ளி தவறாமல் வரைந்து, எந்த ஊர்த் திருவிழாவில், யார் குத்தியது, என்ன கூலி கொடுத்தார்கள், குத்தும்போது என்ன பாட்டு என்று கேட்டு எழுதுங்கள். குத்தியவரின் பிள்ளைகள் பக்கத்து ஊரில் இருந்தால் அவர்களையும் கேளுங்கள், அவர்கள் பெயரையும் மரியாதையோடு சேர்த்து எழுதுங்கள். ஜப்பானுக்குப் பாட்டியைக் கூட்டிப் போகிறவர்கள் தனிக்குளியலுக்குப் பதிந்து, அந்த வெந்நீரில் அவரை நிம்மதியாக உட்கார வையுங்கள். விடுதிக்காரர் அது என்ன குறி என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: எங்கள் வாசலில் போடும் கோலம், எங்கள் பாட்டி வலி பொறுத்துச் சம்பாதித்த நகை. பயத்தால் எழுதிய பலகைகள் அந்த மாதிரிப் பதில்களைக் கேட்டுக் கேட்டுத்தான் இறங்கும்.